குக்கீ வைரஸ் அல்ல, சார்

இந்த மாதத்தில் இது நான்காவது ஆள். பாகூரிலிருந்து பஸ் பிடித்து, மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் கணினிக் கடைக்கு வந்தார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். ஏதோ ஓர் இலவச மென்பொருள் அவர் கணினியைச் சோதித்து, '1,312 அபாயங்கள்' என்று சிவப்பு எழுத்தில் காட்டியிருக்கிறது. பயந்துபோய் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தார். அவர் 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு 'சுத்தம்' செய்து தந்தார். மறுநாளிலிருந்து மின்னஞ்சல் திறக்கவில்லை.

"வைரஸ் என் மெயிலையும் தின்றுவிட்டது போலிருக்கிறது தம்பி" என்றார்.

அந்த மென்பொருள் விட்டுச் சென்ற அறிக்கையைத் திறந்து பார்த்தேன். 1,312-இல் ஒன்றுகூட வைரஸ் இல்லை. அத்தனையும் குக்கீகள்.

மறுபடியும் சொல்கிறேன். குக்கீ என்பது நிரல் அல்ல, நீங்கள் திறக்கும் இணையதளம் உங்கள் கணினியில் வைக்கும் வெறும் எழுத்து. ஒரு குக்கீ அதிகம் போனால் நான்கு கிலோபைட் இருக்கும். அது தானாக ஓடாது, கோப்புகளைத் தின்னாது, கணினியை மெதுவாக்காது. கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள் அல்லவா, அதுதான் இது. டோக்கனில் உங்கள் பெயரோ ஊரோ இருக்காது, ஓர் எண் மட்டும் இருக்கும். எந்த எண்ணுக்கு எந்தச் செருப்பு என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியும். இணையதளங்களுக்குத் தாமாக ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் நீங்கள் அதற்குப் புது ஆள். அதனால்தான் 1994-இல், உலாவி (இணையதளங்களைத் திறக்கும் மென்பொருள்) தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுல்லி இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். நீங்கள் கூடையில் போட்ட புடவை அடுத்த பக்கத்துக்குப் போனாலும் கூடையிலேயே கிடப்பது இந்தச் சீட்டால்தான்.

ஆசிரியருக்கு நடந்தது இவ்வளவுதான்: சுத்தம் செய்தவர் டோக்கன்களை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டார். மின்னஞ்சல் தளம் "நீங்கள் யார், கடவுச்சொல் என்ன?" என்று கேட்கிறது. ஆறு வருடமாகத் தானாகவே திறந்துகொண்டிருந்த கணக்கின் கடவுச்சொல் யாருக்கு நினைவிருக்கும்? மீட்கலாம் என்றால் அதில் பதிந்திருக்கும் கைபேசி எண், அவர் எப்போதோ கைவிட்ட சிம்முடையது.

பயப்பட வேண்டியது டோக்கனைக் கண்டு அல்ல, அதைக் கொடுத்தது யார் என்பதைப் பார்த்துத்தான். நீங்கள் திறந்த தளமே கொடுத்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆனால் நேரு வீதியில் நீங்கள் நுழையும் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரே ஆள் நின்று, உங்கள் கையில் தான் முதலில் கொடுத்த சீட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தால்? அவன் எந்தக் கடைக்கும் சொந்தக்காரன் அல்ல. மாலைக்குள் நீங்கள் விசாரித்த மிக்சி, மருந்து, மாப்பிள்ளை வரை அவன் நோட்டில் இருக்கும். இவைதான் மூன்றாம் தரப்புக் குக்கீகள், விளம்பரக்காரர்கள் வைப்பவை. உலாவிகளில் சஃபாரி 2020 முதல் இவற்றை முழுவதுமாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் ஒரு தளத்தின் குக்கீயைக் கொண்டு இன்னொரு தளத்தில் உங்களைப் பின்தொடர முடியாது. குரோமிலிருந்து இரண்டு ஆண்டுகளில் நீக்கிவிடுவோம் என்று 2020-இல் சொன்ன கூகுள், 2024-இல் அந்த முடிவைக் கைவிட்டது. ஆகவே குரோம் வைத்திருப்பவர்கள் கையால்தான் செய்ய வேண்டும்: அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும்படி மாற்றுங்கள். ஒரு நிமிட வேலை, 1,800 ரூபாய் ஆகாது. எல்லாக் குக்கீகளையும் மட்டும் தடுத்துவிடாதீர்கள். பிறகு எந்தத் தளத்திலும் உள்நுழைய முடியாமல் என்னிடம்தான் வருவீர்கள்.

தளத்தைத் திறந்ததும் குக்கீ வைக்க அனுமதி கேட்கும் பெட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'அனைத்தையும் ஏற்கிறேன்' பளிச்சென்று பெரிதாக இருக்கும்; மறுப்பதற்கான வழி மங்கலான எழுத்தில் இரண்டு பக்கம் தள்ளி இருக்கும். இப்படி வைத்ததற்காகத்தான் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 தொடக்கத்தில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. நம் ஊரில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவு உண்டு; அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அங்கே பல தளங்களில் 'மறுக்கிறேன்' என்ற பொத்தான் 'ஏற்கிறேன்' பக்கத்திலேயே இருப்பதாகச் சொல்வார்கள். நம்மிடமும் 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் நாம்தான் தேடிப்பிடித்து அழுத்த வேண்டும். ஒரு வேடிக்கை: நீங்கள் மறுத்ததை நினைவில் வைப்பதும் ஒரு குக்கீதான். தினமும் எல்லாவற்றையும் அழிப்பவரிடம் அந்தப் பெட்டி தினமும் வந்து நிற்கும்.

உண்மையில் எனக்குக் கவலை தருவது வேறு. தேர்வுக்கு விண்ணப்பிக்க இணைய மையத்துக்குப் போகும் பிள்ளைகள் மின்னஞ்சலைத் திறந்து, வேலை முடிந்ததும் சன்னலை மட்டும் மூடிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். மூடுவது வேறு, வெளியேறுவது வேறு. டோக்கன் அந்தக் கணினியிலேயே தங்கியிருந்தால், அடுத்து உட்காருபவர் உங்கள் அஞ்சலைப் படிக்கலாம். டோக்கன் அவர் கையில் இருந்தால் செருப்பு அவருக்குத்தான். கடவுச்சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள். திருட்டு மென்பொருளை இறக்கி நிறுவுகிறவர்களுக்கும் இதே கதிதான்: அதோடு ஒட்டிவரும் நிரல் பல நேரம் எடுத்துப்போவது இந்தச் சீட்டுகளைத்தான். தயவுசெய்து வெளியேறு பொத்தானை அழுத்திவிட்டு எழுந்திருங்கள். பிறர் கணினியில் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சன்னலைத் திறந்து வேலை செய்யுங்கள். எல்லா மறைநிலைச் சன்னல்களையும் மூடியதும் அதில் சேர்ந்த குக்கீகள் போய்விடும். அவ்வளவுதான் அதன் பயன். நீங்கள் யாரென்று இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்து அது மறைக்காது.

குக்கீகளை அழிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாக அழியுங்கள். அதற்கு முன் கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். கணக்கில் பதிந்த கைபேசி எண் இப்போதும் உங்களிடம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பாகூர் ஆசிரியருக்கு ஓய்வூதியத் தகவல்கள் எல்லாம் வருவது அந்த அஞ்சலுக்குத்தான். பதினோரு நாளாக முயல்கிறோம், இன்னும் திறக்கவில்லை.