பாட்டில் கால்களில் நிற்கும் மேசை: கண்ணாடி எங்கே தாங்கும், எங்கே உடையும்?

காலிக் கண்ணாடி பாட்டில்களையே கால்களாக வைத்துச் செய்த மேசையைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, இது எடை தாங்குமா என்பதுதான். 75 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் சுவர்த் தடிப்பும் கொண்ட ஒரு பாட்டிலின் குறுக்குவெட்டில் கண்ணாடியின் பரப்பு ஏறக்குறைய 570 சதுர மில்லிமீட்டர். நூறு கிலோ எடையை அத்தகைய நான்கு பாட்டில்கள் சமமாகப் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொன்றின் சுவரிலும் விழும் அழுத்தம் 0.43 மெகாபாஸ்கல் மட்டுமே. கண்ணாடியின் அமுக்க வலிமையோ 1000 மெகாபாஸ்கல் என்ற அளவில் இருக்கிறது. ஆகவே இத்தகைய மேசை உடைந்தால், பாட்டில் நசுங்கியதால் உடைந்திருக்காது.

உடைப்பது இழுவிசை. கண்ணாடியில் சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைந்த வலைப்பின்னல் மிக உறுதியானது என்றாலும், நடைமுறையில் சாதாரணக் கண்ணாடி சில பத்து மெகாபாஸ்கல் இழுவிசையிலேயே பிளந்துவிடுகிறது. இந்த முரண்பாட்டை 1921இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விளக்கியவர் பிரித்தானியப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித். கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் இருக்கின்றன. இழுக்கும்போது விசை முழுவதும் அவற்றின் கூர்முனைகளில் குவிகிறது. உலோகமாக இருந்தால் அந்த முனை சற்றே வளைந்து மழுங்கிவிடும். கண்ணாடிக்கு அப்படி விட்டுக்கொடுக்கத் தெரியாது. அமுக்கும்போதோ அதே விரிசல் மூடிக்கொள்வதால் தீங்கு செய்வதில்லை. காற்றின் ஈரமும் விரிசல் முனையிலுள்ள பிணைப்புகளை மெல்ல அறுப்பதால், இன்று இழுவிசையைத் தாங்கி நிற்கும் பாட்டில் சில மாதங்கள் கழித்து, யாரும் தொடாமலே விரிசல் விடக்கூடும்.

பூச்சாடி போன்றவை செய்யப் பாட்டிலை வெட்டுவதற்கு இதே பலவீனம்தான் உதவுகிறது. கண்ணாடி வெட்டும் கருவியின் சிறு சக்கரத்தால் பாட்டிலைச் சுற்றி ஒரே ஒரு கோடு கீற வேண்டும். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர வேண்டும், மேலே இன்னொரு முறை இழுத்தால் விரிசல் வழி தவறிவிடும். பிறகு கோட்டின் மீது சூடான நீரையும் உடனே குளிர்ந்த நீரையும் ஊற்றினால், வெளித்தோல் சுருங்க முயல்கிறது, உள்ளிருக்கும் சூடான கண்ணாடி அதைச் சுருங்கவிடுவதில்லை. ஒவ்வொரு பாகை வெப்ப வேறுபாட்டுக்கும் அதிகபட்சம் 0.8 மெகாபாஸ்கல் என்ற கணக்கில் மேற்பரப்பில் இழுவிசை ஏறும். 60 பாகை வேறுபாட்டில் அது 50 மெகாபாஸ்கலை நெருங்கலாம். கீறல் இல்லாத இடம் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், கீறிய இடம் ‘டிக்’கென்ற ஓசையுடன் கோட்டைச் சுற்றி ஓடி விலகும். அடுப்பில் வைக்கும் போரோசிலிகேட் கண்ணாடிப் பாத்திரங்களில் இந்த உத்தி எளிதில் பலிக்காது, ஏனெனில் அவை வெப்பத்தில் விரியும் அளவு பாட்டில் கண்ணாடியின் மூன்றில் ஒரு பங்குதான். வெட்டிய விளிம்பை நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்ப்பது அழகுக்காக மட்டுமல்ல: அங்குள்ள பற்கள் ஒவ்வொன்றும் புதிய விரிசலின் தொடக்கம். ஈரத்தில் தேய்த்தால் தூசும் காற்றில் பறக்காது. கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும் கையுறை போடுவதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேசையாகக் கட்டும்போது கண்ணாடிக்கு அமுக்கும் வேலையை மட்டும் கொடுத்து, இழுக்கும் வேலையை வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். மேல்பலகையில் பாட்டிலின் அடி அமரும் வட்டக் குழியும், கீழ்ப்பலகையில் கழுத்து நுழையும் துளையும் வெட்டி, பாட்டில்களுக்கு நடுவே மரையிட்ட எஃகுக் கம்பியைச் செலுத்தி நட்டு போட்டு இறுக்கினால், கம்பி இழுவிசையை ஏற்க, பாட்டில்கள் எப்போதும் அமுக்கத்திலேயே நிற்கும். எங்கெல்லாம் கண்ணாடி பலகையைத் தொடுகிறதோ அங்கெல்லாம் ரப்பர் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் சமமற்ற பலகை ஒரு புள்ளியில் மட்டும் முட்டி, எடை முழுவதும் அங்கே குவிந்து, பக்கத்தில் இழுவிசையை உருவாக்கிவிடும். நட்டை விரலால் இறுக்கும் அளவே போதும், ஸ்பானரின் பலம் இங்கே ஆபத்து. மேசையைப் பக்கவாட்டில் தள்ளினால் பாட்டில்கள் வளைவு விசைக்கு ஆளாகும் என்பதால், குறுக்குச் சட்டங்களையும் விட்டுவிடக் கூடாது.

பலர் இந்த வேலை முழுவதையும் பசையிடம் விடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தொழிற்சாலையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கீறாமலிருக்க, வெளிப்புறத்தில் பெரும்பாலும் பாலிஎத்திலீன் போன்ற வழுக்குப் பூச்சு ஏற்றப்பட்டிருக்கும். கண்ணாடியோடு நன்கு ஒட்டும் சிலிக்கோன் பசைகூட அந்தப் பூச்சின் மீது சரியாகப் பிடிக்காமல் போகலாம். பாட்டிலின் அடியில் வட்டமாகத் தெரியும் நுண்ணிய புள்ளிகளும் இதே கவலையின் விளைவுதான்: தரையில் உரசும் கீறல்கள் அந்த முகடுகளோடு நின்றுவிடட்டும் என்று அச்சிலேயே அவற்றை வார்க்கிறார்கள்.

எனவே பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். கழுவி மீண்டும் மீண்டும் நிரப்பப்பட்ட பாட்டில்களில் தோளிலும் அடிப்பக்கத்திலும் வெண்மையாகத் தேய்ந்த வளையங்கள் தெரியும். அவை எண்ணற்ற கீறல்களின் தொகுப்பு. அத்தகையவற்றைப் பூச்சாடியாக்கலாம், மேசைக்குக் காலாக்கக் கூடாது.