வரப்பெலிக்கு எந்த ஆயுதம்?

சம்பா நெற்பயிர் பொதி கட்டும், அதாவது கதிர் தண்டுக்குள்ளே உருவாகும் நேரத்தில் திருவாரூர், மன்னார்குடி பக்கம் வரப்பில் நடந்தால், பல வயல்களில் ஒரே காட்சிதான். ஓரத்துப் பயிர் கருகருவென்று நிற்கும். நாலடி உள்ளே இறங்கினால் தூர்கள் அடியோடு வெட்டுப்பட்டுக் கிடக்கும். வெட்டு ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் இருந்தால் அது எலியின் வேலை, சந்தேகமே வேண்டாம். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. கடித்துக் கடித்துத் தேய்க்காவிட்டால் அதனால் வாயை மூடவே முடியாது. அதனால் பசிக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பயிரை அது வெட்டிப் போடுகிறது.

இதைப் பார்த்து வயிறெரியும் இளைஞர்கள் இப்போது கேட்கும் கேள்வி, "சுட்டால் என்ன?" என்பது. வெளிநாட்டு விவசாயிகள் ரைபிளோடு வயலில் இறங்கும் வீடியோக்களை எல்லோரும் பார்க்கிறார்கள். கேள்வியை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. அந்த ஊர்களில் ரைபிளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று புரிந்துகொண்டால், நம் வயலுக்கு எது பொருந்தும் என்பதும் தானாகவே விளங்கும்.

அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியில் பயிருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் தொல்லை தரும் சிறு விலங்குகளில் முக்கியமானது பிரெய்ரி நாய். பெயரில் நாய் இருந்தாலும் அது அணில் குடும்பம். பகலில் வளையின் வாயில் எழுந்து நிற்கும், நிற்கும்போது ஓர் அடி உயரம் இருக்கும். ஆளைக் கண்டால் உள்ளே போய்விடும். எனவே 200 மீட்டர், 300 மீட்டர் தள்ளி இருந்துதான் சுட வேண்டும். அங்கே ரைபிள் தேர்வின் மையக் கணக்கே தூரம்தான்.

குழலை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து தோட்டா கீழே விழத் தொடங்குகிறது. எவ்வளவு விழும் என்பதைத் தீர்மானிப்பது அது காற்றில் இருக்கும் நேரம். .22 லாங் ரைபிள் என்ற வகைத் தோட்டாவின் எடை சுமார் 2.6 கிராம், தொடக்க வேகம் விநாடிக்கு 380 மீட்டர் அளவில். 200 மீட்டர் போய்ச்சேர அரை விநாடிக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் ஏறக்குறைய 2 மீட்டர் இறங்கியிருக்கும். .223 ரெமிங்டன் என்ற வகைத் தோட்டா 3.6 கிராம்தான், ஆனால் விநாடிக்கு 990 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதே தூரத்தில் அது இறங்குவது கால் மீட்டர் அளவே. இரண்டின் குழல் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபாடு பின்னால் இருக்கும் வெடிமருந்தின் அளவில். ஓர் அடி உயர விலங்கைத் தூரத்தில் சுட வேண்டும், தூரத்தைக் கணிப்பதில் பத்துப் பதினைந்து மீட்டர் பிசகினாலும் குறி தவறக்கூடாது என்றால் இரண்டாவதுதான் உதவும். கிட்டத்தில் அணில், முயல் என்றால் முதலாவதே போதும். 2002-இல் வந்த .17 ஹெச்.எம்.ஆர். என்ற தோட்டா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஒரு கிராம் சொச்சம் எடை, 770 மீட்டர் வேகம்.

இன்னொரு விஷயமும் அவர்கள் பார்க்கிறார்கள். சிறு விலங்குக்கான தோட்டாவின் மேலுறை மெல்லியது. பட்டவுடன் சிதறிவிடும். மண்ணிலோ கல்லிலோ பட்டுத் தெறித்துப் பக்கத்துப் பண்ணைக்குப் போகக்கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சரி, இந்தக் கணக்கையெல்லாம் காவிரிப் படுகைக்குக் கொண்டுவருவோம். நம் எலி பகலில் எழுந்து நிற்பதில்லை. இருட்டிய பிறகு, இடுப்பளவு பயிருக்குள்ளே, தரையோடு தரையாகப் போகிறது. துல்லியமான தொலைநோக்கிக்குக்கூட அது தெரியாது. வயலில் தண்ணீர் நிற்கிறது. தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் படும் .22 தோட்டா தெறித்துக் கிளம்பும் என்பது துப்பாக்கி பழகும் எவருக்கும் முதல் பாடம். அந்தத் தோட்டா ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. படுகையில் எந்த வயலில் நின்று ஒன்றரைக் கிலோமீட்டருக்கு வட்டம் போட்டாலும் அதற்குள் ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், தண்ணீர் பாய்ச்சப் போகும் ஓர் ஆள் இல்லாமல் இருக்காது. உரிமம், சட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். முடிவு இயற்பியலிலேயே வந்துவிடுகிறது.

தூரம்தான் ரைபிளின் சிக்கல் என்றால், தூரமே இல்லாமல் செய்துவிடும் ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது. தஞ்சாவூர்க் கிட்டி.

கிட்டியின் வடிவம் ஊருக்கு ஊர், கைக்குக் கை கொஞ்சம் மாறும். அடிப்படை ஒன்றே. மூங்கில் சிம்பு ஒன்றை வில்லாக வளைத்து, நாண் கட்டி, அந்த நாணின் இழுப்பை ஒரு சிறு குச்சியால் தடுத்து நிறுத்தியிருப்பார்கள். நாணோடு ஒரு சுருக்கு சேர்ந்திருக்கும். சுருக்குக்குப் பின்னால் இரை. எலி தலையை உள்ளே விட்டு இரையை இழுத்தால் குச்சி நழுவும், வில் நிமிரும், சுருக்கு கழுத்தை மூங்கிலோடு சேர்த்து இறுக்கிவிடும்.

இதில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாணை முழுதாக இழுத்துப் பிடிக்க 4 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும், இழுக்கும் தூரம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இழுக்க இழுக்கத்தான் விசை ஏறுகிறது என்பதால் சராசரியாக 2 கிலோ. தேங்கும் ஆற்றல் 2 ஜூல். .22 தோட்டாவிடம் 180 ஜூலுக்கு மேல், .223-இடம் 1,700 ஜூலுக்கு மேல் இருக்கிறது. ஆனால் அந்த ஆற்றலில் பெரும்பகுதி தூரத்தைக் கடக்கவும், குறி சற்றுப் பிசகினாலும் வேலையை முடிக்கவும் தேவைப்படுவது. கிட்டியிலோ கழுத்து ஏற்கெனவே சுருக்குக்குள் இருக்கிறது. கால் கிலோ எடையுள்ள எலிக்கு 2 ஜூல் தாராளம்.

இதைவிட நுட்பமான இடம் அந்தச் சிறு குச்சி. 4 கிலோ இழுப்பைத் தாங்கி நிற்க வேண்டும், அதே சமயம் எலி லேசாகத் தொட்டால் விட்டுவிடவும் வேண்டும். குச்சியின் ஒரு முனைக்குப் பக்கத்தில் நாணின் இழுப்பு விழுகிறது, மறுமுனை தூரத்தில் இருக்கிறது. பத்துக்கு ஒன்று என்ற நெம்புகோல் விகிதம் இருந்தால், மறுமுனையில் தாங்க வேண்டியது 400 கிராம்தான். அந்த முனை ஒரு வெட்டின் விளிம்பில் உராய்வால் நிற்கிறது. காய்ந்த மரத்தோடு மரம் உராயும்போது பக்கவாட்டில் நகர்த்த அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 130 கிராம் போல விசை போதும். இரையைப் பல்லால் பற்றி இழுக்கும் எலிக்கு அது ஒன்றுமே இல்லை. வெட்டின் ஆழம் நூலளவு கூடினால் எலி இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும். குறைந்தால் காற்றுக்கே விழுந்துவிடும். கிட்டி போடுகிறவர் பொழுது சாயும் நேரத்தில் ஒவ்வொரு கிட்டியாக விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது இந்த நூலளவுக்காகத்தான். ரைபிளின் விசையை (டிரிகர்) சரிசெய்யும் துப்பாக்கித் தொழிலாளி செய்வதும் இதே வேலைதான்.

மூங்கிலுக்கும் காரணம் உண்டு. அதன் நார்கள் புறத்தோலை ஒட்டி நெருக்கமாகவும், உள்ளே போகப்போகக் கலைந்தும் இருக்கும். வில்லாக வளைக்கும்போது அதிகம் இழுபடுவது வெளிப்பக்கம். அதனால் புறத்தோல் வெளியே இருக்குமாறு வளைத்தால் முறியாமல் தாங்கும். நாள் முழுக்க வளைத்தே வைத்திருந்தால் மூங்கில் அந்த வளைவுக்கே பழகி வேகம் இழந்துவிடும். ஈரத்தில் ஊறினாலும் தொய்யும். பகலில் நாணை அவிழ்த்து நிழலில் உலர்த்தி வைப்பது கிட்டியின் ஆயுளைக் கூட்டும்.

நல்ல கிட்டியும் தப்பான இடத்தில் வெறும் குச்சிதான். எலிக்குப் பார்வை மட்டு. மீசை முடியும் உடலும் எதன் மேலாவது உரசிக்கொண்டு போவதில்தான் அதற்கு நிம்மதி. ஒரு முறை போன வழியிலேயே திரும்பத் திரும்பப் போகும். அதனால் வரப்பின் சரிவில் புல் அமுங்கி, சேற்றில் காலடி பதிந்து, புழுக்கை சிதறி ஒரு தடம் தெரியும். கிட்டி அந்தத் தடத்தை ஒட்டி இருக்க வேண்டும். இரைக்குப் பொரி, தேங்காய்க் கீற்று, கருவாடு என்று வழக்கங்கள் உண்டு. சுற்றிலும் கிடைக்காத ஒன்றாக இருந்தால் நல்லது. பால் பிடித்த கதிர் வயல் முழுக்க இருக்கும்போது எந்த இரைக்கும் மவுசு குறைவு. கிட்டியை முன்பே போட வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

காலையில் கிட்டியை எடுக்கும்போது வெறுங்கையால் எலியைத் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி அதன் சிறுநீரில் வருகிறது, வயல் தண்ணீரிலும் ஈர மண்ணிலும் உயிரோடு இருக்கிறது, காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாகவே உள்ளே போய்விடும்.

விஷம் வைப்பது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். துத்தநாக பாஸ்பைடு வயிற்றின் அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்கிறது. வேகமானது. அந்த வேகமே அதன் குறையும்கூட: அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி, அந்த இரையை நெடுநாள் மறுபடி தொடாது. இதைத் தவிர்க்கத்தான் இரண்டு மூன்று நாள் விஷமில்லாத இரையை வைத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் விஷம் கலக்கச் சொல்கிறார்கள். புரோமடியலோன் என்ற விஷம் வேறு மாதிரி. உடல் வைட்டமின் கே-யைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழியை அது அடைக்கிறது. இரத்தம் உறையாமல் சில நாள் கழித்து எலி சாகும். எந்த இரையால் வந்த வினை என்று எலிக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சில நாளும் தள்ளாடிக்கொண்டு நடமாடும் எலியைப் பிடித்துத் தின்பது யார்? நாய், பூனை, கூகை. விஷம் எலியின் ஈரலில் தங்கியிருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது கூகைக்கு வரும் கேடு. வெள்ளை முகம் கொண்ட இந்த ஆந்தை நம் கோயில் கோபுரப் பொந்துகளிலும் பழைய மண்டபங்களிலும் குடியிருக்கிறது. முழு இருட்டில், ஒலியை மட்டும் வைத்தே எலியைப் பிடிக்கும் என்பதை அமெரிக்க உயிரியலாளர் ரோஜர் பெய்ன் இருட்டறையில் சோதித்துக் காட்டினார். அதன் காதுகளில் ஒன்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. இடமா வலமா என்பதை ஒலி வந்துசேரும் நேர வேறுபாடும், மேலா கீழா என்பதை இரு காதிலும் கேட்கும் அளவின் வேறுபாடும் சொல்லிவிடுகின்றன. எந்த ரைபிளாலும் முடியாத இரவுக்குறி இது. டி வடிவக் குச்சியையோ, தலைகீழாக நட்ட தென்னை மட்டையையோ பயிருக்கு மேலே உயர்ந்து நிற்குமாறு வயலில் வைத்தால் கூகை வந்து உட்காரும். அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டுவதை விட்டுவிட வேண்டும். கூகைக்கு இடம் கொடுத்துவிட்டு அதே வயலில் புரோமடியலோன் வைப்பதும் கூடாது.

இனி நேரம். நம் வரப்பில் வளை தோண்டும் கரம்பை எலியின் சினைக்காலம் மூன்று வாரம் சொச்சம். பயிர் பொதி கட்டத் தொடங்கியதும் அது பெருகத் தொடங்கும். அறுவடை வரைக்கும் குட்டிகளுக்குத் தீனி இருக்கும். ஓர் ஊரில் ஏ.டி.டி. 43 என்ற நெல் ரகம் போட்டவர் 110 நாளில் அறுக்கிறார், சி.ஆர். 1009 ரகம் போட்டவருக்கு 155 நாளுக்கு மேல் ஆகிறது. நடவும் முன்பின்னாக இருந்தால் எலிக்கு ஒரு வயல் முடிந்ததும் அடுத்த வயல் தயார். ஒருவர் மட்டும் கிட்டி போட்டால், காலியான வளைக்குப் பக்கத்து வயல் எலி குடிவந்துவிடும். எனவே பகுதி முழுவதும் சேர்ந்து, கோடையில் உளுந்து அறுத்தபின் எலிகள் வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் ஒதுங்கியிருக்கும்போது ஒரு முறையும், நட்ட சில வாரங்களுக்குள் இன்னொரு முறையும் இறங்குவதே பலன் தரும். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பதே வழக்கம் என்பதால், முதல் வேலையை அதற்குள் முடித்துவிடலாம். வரப்பையும் அப்போதே 45 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரத்துக்குச் செதுக்கிவிட்டால் வளை தோண்ட மண்ணே கிடைக்காது.

எத்தனை கிட்டி வேண்டும் என்று தெரிய, ஒரு மாலையில் வரப்பைச் சுற்றி வந்து எல்லா வளை வாய்களையும் மண்ணால் அடைத்துவிடுங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள். எங்கெல்லாம் அடைப்பு திறந்து புதுமண் குவிந்திருக்கிறதோ, அங்கெல்லாம் உள்ளே எலி இருக்கிறது. அந்த வளைகளிலிருந்து கிளம்பும் தடங்களில்தான் அன்று மாலை கிட்டி போட வேண்டும்.