முள்ளு மேல முள்ளு, அதுக்கு மேல ஒரு லைட்டு

ஃபேன் போட்டா சூடு காத்துதான் வரும்ங்கற மாதிரி ஒரு வேலூர் மத்தியானம், சத்துவாச்சாரில அண்ணன் வீடு. அவர் பையன் மான்ஸ்டர் ஹண்டர் ரைஸ் சன்பிரேக்னு பெரிய பெரிய மிருகங்கள வேட்டையாடற வீடியோ கேம் ஆடிகினு இருந்தான். எதிர்ல எஸ்பினாஸ்னு ஒரு மிருகம், உடம்பு பூரா முள்ளு, பக்கத்துல போனாலும் கண்டுக்காம தூங்குது. நாலு அடி விழுந்ததும் முழிச்சுகிச்சு, நரம்பெல்லாம் செவசெவன்னு எரியுது, வாயில நெருப்பு, அந்த நெருப்புலயே விஷம், அதுலயே பட்டா கை கால் இழுத்துக்கும். "இன்னா சித்தப்பா, இது மட்டும் ஓவரா கீது?"ன்னான்.

ஓவராத்தான் இருக்கும், அது பொறந்த வீடு அப்படி. மான்ஸ்டர் ஹண்டர் ஃபிரன்டியர்னு 2007ல ஜப்பான்ல வந்த ஆன்லைன் கிளை கேம், 2019 டிசம்பர்ல மூடிட்டாங்க, அங்கிருந்து 2022ல சன்பிரேக்குக்கு வந்ததுதான் இந்த எஸ்பினாஸ். சொல்லப்போனா அந்த வீட்டுல இது சாதுப்புள்ள. பாதி நெருப்பு பாதி ஐஸா டிசுஃபிரோவான்னு ஒண்ணு, 32 பேர் சேர்ந்து அடிக்கிற ரவியந்தேன்னு ஒரு பாம்பு, அது 450 மீட்டர் நீளமாம்.

அந்த 450-ஐ சும்மா கணக்கு போட்டு பாத்தேன். நீலத்திமிங்கலம் சுமார் 30 மீட்டர், அதையே அதே வாகுல 15 மடங்கு நீட்டினா எலும்போட குறுக்குவெட்டு பரப்பு 15-ஐ 15-ஆல பெருக்கி 225 மடங்குதான் ஆகும், ஆனா எடை இன்னொரு 15 சேர்ந்து 3375 மடங்கு ஆயிடும். அதாவது எலும்புல ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்ன தாங்குனதைவிட 15 மடங்கு பாரம் தாங்கணும். திமிங்கலமே கரை ஒதுங்குனா தன் எடையாலயே நசுங்குது, இது தரை மேல ஆடுதாம். 1638லயே கலிலியோ எழுதி வச்ச கணக்கு இது, பெரிய மிருகத்துக்கு எலும்பு நீளத்துக்கு மீறி தடிக்கணும்னு எலும்பு படமே போட்டு காட்டிட்டாரு.

மெயின் கேம் ஆளுங்க இந்த கணக்க முழுசா மதிக்கறாங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு கூச்சம் இருக்கும், இது என்னா தின்னும், எங்க தூங்கும்னு யோசிச்சு வரையறது தெரியும். கிளை கேமுக்கு அந்த கூச்சம் கட்டுப்படியாகாது. மாசாமாசம் காசு கட்டி ஆடறவனுக்கு புதுசா ஒண்ணு விட்டுகினே இருக்கணும். புது மிருகத்துல செலவு புடிக்கறது உள்ள இருக்கற எலும்புக்கூடும் அதோட நடையும்தான், அதனால பழைய கூட்டையே எடுத்து மேல கொம்பு, முள்ளு, ஒளி, வேகம்னு ஏத்துவாங்க. கூடு அசையாது, அலங்காரம் மட்டும் ஏறும்.

அந்த அலங்காரத்துக்கும் ஒரு வேலை இருக்கு, அது நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லித் தர வேணாம். கட்டைக்கூத்து பாத்திருப்பீங்க இல்ல? துரியோதனனுக்கு அம்மாம்பெரிய கிரீடம், தோள்ல புஜக்கீர்த்தி, மார்பதக்கம், எல்லாம் கட்டையில செதுக்கி கண்ணாடி ஒட்டினது. விடிய விடிய ஆட்டம், கடைசி வரிசை பாட்டிக்கும் வந்தது ராஜாவான்னு நிழலப் பாத்தே தெரியணும். கேம்லயும் அதான். கண்ணு பாத்து விரல் பட்டன அமுக்கவே கால் செகண்ட் கிட்ட ஆகும், அதனால அடிக்கறதுக்கு முன்னாடி வால் தூக்கணும், தொண்டை மின்னணும். எஸ்பினாஸ் நரம்பு செவக்குறதும் ஒரு சேதிதான்: இனிமே இது கோவமா இருக்கு, ஆனா தோல் இளகிடுச்சு, வெட்டுனா ஏறும்.

சிக்கல் என்னன்னா கண்ணு பழகிடும். நிக்கோ டின்பெர்கன்னு ஒரு விஞ்ஞானி, 1973ல நோபல் வாங்குனவரு, கடற்காக்கா குஞ்சுங்கள வச்சு பாத்தாரு. அம்மா அலகுல ஒரு செவப்பு பொட்டு, அதைக் கொத்துனா தீனி வரும். அவரு செவப்பு குச்சில மூணு வெள்ள பட்டை போட்டு நீட்டுனாரு, குஞ்சு அம்மா தலை மாதிரி செஞ்ச பொம்மைய விட்டுட்டு குச்சியத்தான் அதிகமா கொத்துச்சு. அம்மா முகமே தேவைப்படல, பட்டை போதும். பன்னெண்டு வருஷம் ஓடுன ஃபிரன்டியர் அந்த குச்சிக்கு வருஷா வருஷம் இன்னொரு பட்டை போட்டுகினே வந்துச்சுன்னு எனக்கு படுது, கடைசில பட்டைதான் இருக்கு, காக்காவ காணோம். எனக்கு அதுவும் புடிக்கும், அது வேற விஷயம்.

வெயில் தாழ்ந்ததும் பையன கோட்டைக்கு கூட்டிகினு போனேன், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம். தூண்ல யாளி பின்னங்கால்ல எகிறி நிக்குது, மேல ஆளு. இவ்ளோ பாரம் எப்டிடா ரெண்டு கால்ல நிக்கும்னு கேட்டேன், முதுகு தூணோட ஒரே கல்லுங்கறதால கலிலியோவ ஏமாத்திடுச்சுன்னு சொல்லலாம்னு ரெடியா இருந்தேன். அவன் கேக்கவே இல்ல, குனிஞ்சு அந்த பின்னங்காலயே பாத்துகினு இருந்தான்.

"மொதல்ல இந்த கால அடிக்கணும் சித்தப்பா, விழுந்துச்சுன்னா தலை கைக்கு எட்டும்."