பேட்டரியைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது வண்டி. மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்த பெரியவர், உயிரில்லாத மின்சார ஸ்கூட்டரைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தார். கிளம்புமுன் சார்ஜை முழுவதும் தீர்த்து வைத்தாராம். "அப்போதுதானே தம்பி, பேட்டரி நீடித்து உழைக்கும்?"

பெட்டியைத் திறந்து மல்ட்டிமீட்டரை வைத்தேன். ஏறக்குறைய 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாத செல்கள் 1.4 காட்டின. 14 வரிசையில் ஒன்றுகூடத் தேறவில்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய கார்ட்லெஸ் போன்களில் இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரியிலிருந்து. பாதியிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்தால் அது சீக்கிரம் மடங்கும். அதனால் அவ்வப்போது காலி செய்தார்கள். 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனுக்கு அந்தக் குணம் கிடையாது. சரி, அதைவிடப் பழைய ஆசிட் பேட்டரிக்காவது பொருந்துமா? 1859-இல் பிளான்டே செய்த காலத்திலிருந்தே அதைக் காலியாகப் போட்டால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும். ஆக, நம் ஊர் ஸ்கூட்டர்களில் வரும் ஆசிட், லித்தியம் இரண்டுக்குமே இந்த அறிவுரை ஒருநாளும் பொருந்தியதில்லை. பேட்டரி மூன்று தலைமுறை மாறிவிட்டது, நம் பாட்டு மாறவில்லை.

லித்தியம் செல் அளவுக்கு மீறி வடிந்தால் உள்ளே செம்புத் தகடு கரையும். அதற்கு மறுபடி சார்ஜ் ஏற்றினால் உள்ளேயே ஷார்ட் ஆகலாம், தீயும் பிடிக்கலாம். பேட்டரிக்குள் இருந்து செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்றுக்குப் பி.எம்.எஸ். என்று பெயர். 'பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி நேரடியாகச் சார்ஜ் ஏற்றி உயிர் கொடுக்கிறேன்' என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பாதுகாப்புக்காக வைத்த காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுச் செய்யும் வேலை அது.

ஊருக்குப் போகிறீர்களா? லித்தியம் வண்டியைப் பாதி சார்ஜில் நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை பார்க்க வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜரைச் செருகாதீர்கள். அரைமணி நேரம் ஆறட்டும். ஆசிட் பேட்டரி சார்ஜரில் வோல்ட் எண் ஒன்றுபோல இருந்தாலும் லித்தியத்துக்குப் போடாதீர்கள்.

'சார்ஜை எண்பது சதவீதத்தோடு நிறுத்து' என்று சிலர் சொல்வதும் எல்லோருக்கும் அல்ல. லித்தியத்திலேயே இரண்டு வகை உண்டு. நிக்கல் மாங்கனீசு கோபால்ட் வகைக்கு அது நல்லது. இரும்பு பாஸ்பேட் வகையில் வோல்ட் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால், எவ்வளவு மீதமிருக்கிறது என்று பி.எம்.எஸ்.ஸுக்கே குழப்பம் வரும். அவ்வப்போது நூறு வரை ஏற்றினால்தான் கணக்கு நேராகும். உங்களுடையது எந்த வகை? தயவுசெய்து வண்டியோடு வந்த கையேட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். பெரியவருடையது பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் சீட்டுக்கு அடியில் கிடந்தது.