ஜபர்தஸ்துன்னா என்ன? தமிழ்ல எப்படி சொல்றது?

"மாசம் பொறந்தா வாடகை குடுத்துடுறோம்ல, அப்புறம் என்ன ஜபர்தஸ்து பண்றாரு"ன்னு எங்கம்மா பழைய வீட்டு ஓனரைப் பத்தி சொல்லிட்டே இருப்பாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு கேட்டை பூட்டிடுவாரு, சொந்தக்காரங்க ரெண்டு நாள் தங்கிட்டா தண்ணி மோட்டாரை போட மாட்டாரு, ஏன்னு கேட்டா "என் வீடு"ம்பாரு, அவ்ளோதான். இதை அதிகாரம்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதிகாரம்னா அதுக்கு ஒரு பதவியோ உரிமையோ வேணும், தாசில்தாருக்கு இருக்கு, ஹெட்மாஸ்டருக்கு இருக்கு. தனக்கு இல்லாததை குரலை ஒசத்தியே பிடுங்கிக்கிறதுதான் ஜபர்தஸ்து.

வார்த்தை பாரசீகம். 'ஜபர்'னா மேல, 'தஸ்த்'னா கை, சேத்தா மேல நிக்குற கை. ஆற்காடு நவாப் தர்பார்ல பாரசீகம்தான் ஓடுச்சு, அந்த மாதிரி ஆட்சிகள் வழியா வந்த வார்த்தைங்க நம்ம பேச்சுல நிறைய தங்கிடுச்சு. அதே கை வேற எடத்துலயும் இருக்கு பாருங்க, கடையில கேக்குற ஒரு தஸ்தா பேப்பர், பத்திரத்தை சொல்ற தஸ்தாவேஜு, அப்புறம் பெருசுங்க சொல்ற தஸ்கத்து. தஸ்த் கை, கத் எழுத்து, அப்படியே நம்ம கையெழுத்து! எனக்கு இது ரொம்ப புடிச்ச பொருத்தம். பந்தோபஸ்து மட்டும் இந்த குடும்பம் இல்ல, அதுல இருக்குறது 'பஸ்த்', கட்டுறதுன்னு அர்த்தம்.

இந்திக்காரங்க சாப்பாடு ஜபர்தஸ்த்னு சொன்னா பிரமாதம்னு பாராட்டுறாங்க, பலவந்தத்துக்கு அவங்க ஜபர்தஸ்தின்னு தனியா வச்சிருக்காங்க. நம்மகிட்ட அந்த பாராட்டு வரவே இல்ல, மிரட்டலும் மிடுக்கும்தான் வந்துச்சு.

சரி, தமிழ்ல என்ன? அடக்குமுறை, சர்வாதிகாரம்னு சிலர் எழுதுறாங்க, அதெல்லாம் அரசாங்கத்துக்கு சொல்ற அளவு பெரிய வார்த்தை, வீட்டு ஓனருக்கும் கல்யாண வீட்டுல எல்லாரையும் விரட்டுற பெரியப்பாவுக்கும் ஒட்டாது. வல்லடிதான் சரி. நியாயம் பாக்காம பலத்தை வச்சே சாதிக்கிறதை வல்லடி வழக்குன்னு சொல்றோம்ல, அதே வல்லடி. ஆளை சொல்லணும்னா வல்லடிக்காரன். பாரசீகத்துல இருக்குற அந்த 'மேல நிக்குற கை'யே வேணும்னா "அவன் கை ஓங்கிடுச்சு"ன்னு நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு, ஆனா அது ஜெயிக்கிறவனுக்கும் சொல்றது, திட்டா மட்டும் இருக்காது.

அம்மா சொன்னதையே மாத்தி சொல்லிப் பாத்தேன், "வாடகை குடுத்துடுறோம்ல, அப்புறம் என்ன வல்லடி பண்றாரு". கோவம் கொஞ்சம்கூட கொறையல.