தாய்ச்செல்லின் மீதே ஏறிச் செல்லும் நரம்பணு

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2025 செப்டம்பர் 7 அன்று இரவு முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தபோது அவருக்கு ஐந்தாம் மாதமாம். பதினோரு மணி வாக்கில் புறவாசலுக்குப் போய்வந்ததற்காக மாமியார் கடிந்துகொண்டதிலிருந்து அவருக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. "பிள்ளையோட மூளைக்கு எதும் கோளாறு வந்துருமா?" என்று கேட்கிறார். கிரகணத்தால் வராது. ஏன் வராது என்பதை விளங்கிக்கொள்ள, கருவில் மூளை எப்படிக் கட்டப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடக்கம் பள்ளிப் பாடத்தில் உள்ளதுதான். மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப்புறச் செல்கள் ஒரு தகடாகத் தடிக்கின்றன. தகட்டின் ஓரங்கள் எழும்பி ஒன்றோடொன்று ஒட்ட, நரம்புக்குழல் உருவாகிறது. கரு உண்டான ஏறத்தாழ 28-ஆம் நாளுக்குள் அதன் இரு முனைகளும் மூடிக்கொள்ள வேண்டும். அந்த நாளில் தாய்க்கு மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரந்தான் ஆகியிருக்கும். குழல் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமிலத்தை மூன்றாம் மாதத்தில் தொடங்கினால், அந்தப் பயன் மட்டும் கைநழுவிப் போய்விடுகிறது. ஏற்கெனவே குழல் சரியாக மூடாத குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்தரிக்கும் முன்பே தொடங்கிய ஃபோலிக் அமிலம் அக்குறை மீண்டும் வருவதை 72 சதவீதம் தடுத்தது. கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போதே இந்த மாத்திரையைப் பற்றியும் பேசிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

குழலின் முன்முனை உப்பி மூளையாகிறது. அதன் உட்சுவரை ஒட்டி ரேடியல் கிளியா என்னும் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் உடலும் உட்சுவரருகே இருக்க, அதிலிருந்து ஒரு மெல்லிய இழை மூளையின் வெளிப்பரப்பு வரை நீண்டு செல்கிறது. இச்செல் பிளவுறும்போது பிறக்கும் நரம்பணு (நரம்புச் செல்), தன் தாய்ச்செல்லின் இழையையே பற்றிக்கொண்டு வெளிப்பரப்பை நோக்கி ஏறுகிறது. நம் பனையேறிகள் முதலில் கைகளை உயர்த்தி மரத்தைக் கட்டிக்கொண்டு, பிறகு தளைநார் மாட்டிய கால்களை மேலே இழுத்துக்கொள்வதைப் போல, நரம்பணுவும் முதலில் முன்னோக்கி ஒரு நீட்சியை அனுப்பி இழையைப் பிடிக்கிறது. பின்னர் கனத்த உட்கருவை அந்தத் திசையில் இழுக்கிறது. சற்று நின்று, மறுபடி எட்டிப் பிடிக்கிறது. இப்படியே தன் அளவைப் போலப் பல நூறு மடங்கு தொலைவை அது கடந்துவிடும். 1970-களின் தொடக்கத்தில் நரம்பியல் ஆய்வாளர் பாஸ்கோ ராகிச், குரங்குக் கருக்களின் மூளையை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து இந்த ஏற்றத்தை விளக்கினார். அந்த இழைக்குரிய செல்லே நரம்பணுவைப் பெற்றெடுக்கிறது என்பது 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் உறுதிப்பட்டது. (எல்லா நரம்பணுக்களும் இவ்வழியே வருவதில்லை, மூளையின் வெளிப்பகுதியான பெருமூளைப் புறணியில் மற்ற நரம்பணுக்களின் கிளர்ச்சியை அடக்கிவைக்கும் நரம்பணுக்கள் வேறிடத்தில் பிறந்து பக்கவாட்டில் நகர்ந்து வருகின்றன.)

என்னை இன்றும் வியக்க வைப்பது இவை குடியேறும் முறை. முதலில் ஏறியவை ஆழத்தில் தங்கிவிட, அடுத்து வருபவை அவற்றைக் கடந்து அதற்கும் மேலே போய் அமர்கின்றன. ஆக, புறணியின் ஆறு அடுக்குகளுள் கீழடுக்குகள் மூத்தவை, மேலடுக்குகள் இளையவை. உட்கருவை இழுக்கும் வேலைக்குத் துணைசெய்யும் லிஸ்1 என்ற புரதத்தின் மரபணு பழுதானால், அணுக்கள் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. அடுக்குகள் குலைந்து, மடிப்புகள் விழாத வழுவழுப்பான மூளையோடு குழந்தை பிறக்கிறது.

இந்த ஏற்றத்தைக் கெடுக்கக்கூடிய கதிர்கள் உண்மையிலேயே உண்டு. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தபோது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஆராய்ந்தபோது, கரு உண்டாகி 8 முதல் 15 வாரங்களுக்குள் கடுங்கதிர்வீச்சுக்கு ஆளானவர்களிடமே அறிவு வளர்ச்சிக் குறைபாடு மிகுதியாகக் காணப்பட்டது. நரம்பணுக்கள் பெருமளவில் பிறந்து ஏறிக்கொண்டிருக்கும் காலம் அதுதான். சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் நிலவின்மேல் விழுவதால் நமக்கு வரும் ஒளி குறைகிறதே தவிர, புதிதாக எந்தக் கதிரும் பிறப்பதில்லை. வழக்கமான பௌர்ணமி நிலவில் புறவாசலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றால், அதைவிட மங்கிய நிலவில் நடப்பதற்கு ஏன் தடை என்று எவரும் கேட்பதில்லை. அதே வீட்டில் கர்ப்பிணியின் அருகே அமர்ந்து பீடி புகைப்பவரையும் எவரும் கண்டிப்பதில்லை.

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவின் நடு மும்மாத மூளைகளைச் சீவலாக்கிப் படமெடுத்து, 5,132 படங்களைத் 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் எல்லோரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட்டது. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழக மாணவி ஒருவர் அபிஷேகப்பட்டி வளாகத்தில் இருந்தபடியே இதைத் திறந்து பார்க்கலாம். ஆனால் அந்த மையம் எழுந்ததில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் கொடைக்குப் பெரும் பங்குண்டு. அப்படியொரு புரவலர் வாய்க்காத மாவட்டங்களில், உறையவைத்த திசுவைச் சீவும் கருவி ஒன்றையாவது அரசு தன் பணத்தில் வாங்கி வைத்து, அதை இயக்கத் தெரிந்தவருக்கு மாதச் சம்பளமும் தந்தால், அந்த மாணவி படம் பார்ப்பதோடு நிற்காமல் தானே ஒரு சீவலை எடுத்துப் பார்ப்பார்.