ஸ்டென்ட்: சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் என்ன சொல்லலாம்?

"நெஞ்சுவலின்னு போனார், ஆஞ்சியோ பார்த்தாங்க, ரெண்டு ஸ்டென்ட் வச்சு அனுப்பிட்டாங்க." இப்போது தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இதைக் கேட்கலாம். அடைபட்ட இதயத் தமனியை விரித்து, மறுபடி மூடாமல் உள்ளேயே விட்டுவைக்கும் சின்ன வலைதான் ஸ்டென்ட். ஆனால் அந்தச் சொல்லுக்கும் இதயத்துக்கும் பிறப்பில் எந்த உறவும் கிடையாது, அது ஒரு பல் மருத்துவரின் குடும்பப் பெயர்.

சார்லஸ் ஸ்டென்ட் (1807–1885) லண்டன்காரர். பல்செட் கட்ட ஈறுகளை அச்சு எடுக்க வேண்டும், அதற்கு அப்போது கட்டா பெர்ச்சா என்ற மரப்பாலைப் பயன்படுத்தினார்கள், அதுவோ ஆறும்போது சுருங்கி உருமாறித் தொல்லை கொடுத்தது. 1856-இல் ஸ்டென்ட் அதோடு ஸ்டியரின், டால்க் எல்லாம் சேர்த்து நிலையான அச்சுப்பொருளாக்கினார். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்குத் தோல் ஒட்டிய டச்சு அறுவை மருத்துவர் யோஹானஸ் எஸ்ஸர், ஒட்டிய தோல் நகராமல் பிடித்து வைக்க இதே பொருளை எடுத்துக்கொண்டார். அப்புறம் பொருளை விட்டுவிட்டு, அது செய்த வேலைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. உடலின் ஒரு பகுதியை அதன் இடத்தில் தாங்கிப் பிடிப்பதுதான் அந்த வேலை.

இதயத்துக்கு வந்தது 1986-இல். அதற்கு முன்பே, 1977-இல், சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூனை உள்ளே விட்டு அடைப்பை விரித்துக் காட்டியிருந்தார். விரித்த தமனி சில மாதங்களில் பலருக்கு மறுபடி சுருங்கியதுதான் சிக்கல். பிரான்சின் துலூஸில் ஜாக் புயேலும் சுவிட்சர்லாந்தின் லோசானில் உல்ரிக் சிக்வார்ட்டும் உலோக வலையை உள்ளேயே விட்டுவைத்தார்கள். சரி, பலூன் மட்டும் போதுமா, வலையும் வேண்டுமா? பெனெஸ்டென்ட் ஆய்வில் 520 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பலூனால் மட்டும் விரித்தவர்களில் 32 சதவீதத்தினருக்கு மறுபடி சுருங்கியது, ஸ்டென்ட் வைத்தவர்களில் 22 சதவீதத்தினருக்கு. முடிவு 1994-இல் வந்தது. 2002-இல் ராவெல் ஆய்வு, 238 பேர்: மறுபடி சுருங்கியது வெறும் உலோகத்தில் 26.6 சதவீதம், சிரோலிமஸ் மருந்து பூசியதில் பூஜ்ஜியம்! (பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பூஜ்ஜியம் நிற்கவில்லை, அது வேறு விஷயம்.)

தமிழுக்கு வருவோம். குழாய் என்று முடியும் சொல் எதுவும் இதற்குச் சரிப்படாது என்பது என் கட்சி. தமனி இரத்தக் குழாய், பலூனையும் வலையையும் உள்ளே கொண்டுபோகும் கதீட்டர் இன்னொரு குழாய், ஸ்டென்ட்டும் குழாய் என்றால் குழாய்க்குள் குழாய் வழியாகக் குழாயை வைத்தார்கள் என்று எழுத வேண்டிவரும், படிப்பவர் தலை சுற்றும். கதீட்டருக்கு வடிகுழாய் என்று எழுதுவதும் சிறுநீருக்குத்தான் பொருந்தும், இதயத்தில் அது எதையும் வடிப்பதில்லை. அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருளே கீழே செலுத்துவது, ஆகவே செலுத்துகுழாய் என்றால் போதும்.

ஸ்டென்ட்டுக்கு நான் சொல்வது தாங்குவலை. உருவமும் வேலையும் ஒரே சொல்லில் வந்துவிடும். தாங்கி என்று மட்டும் விட்டால் பேரிங்கோடு குழம்பும். மருந்து சேர்த்த வகையை மருந்து தடவிய ஸ்டென்ட் என்கிறார்கள், தடவியது பூச்சைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை. மருந்து மெல்ல வெளியேறுவதுதான் அங்கே விஷயம் என்பதால் மருந்து கசியும் தாங்குவலை. ஆனால் மருத்துவரிடம் பேசும்போது ஸ்டென்ட் என்றே சொல்லுங்கள், அவசரத்தில் சொல்லாராய்ச்சி வேண்டாம்.

இன்னொரு வகை உண்டு, சில ஆண்டுகளில் கரைந்துபோகும் பாலிமர் வலை. ஆங்கிலத்தில் அதை ஸ்டென்ட் என்று சொல்லாமல் ஸ்காஃபோல்ட் என்றார்கள். நமக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை, சாரம். கட்டடம் நின்றதும் சாரத்தைப் பிரித்துவிடுகிறோமே, அதே எண்ணம். எண்ணம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் அப்சார்ப்-3 ஆய்வில் மூன்றாண்டு முடிவில் கருவிக்குள் இரத்தம் உறைந்தது சாரத்தில் 2.3 சதவீதம், உலோகத்தில் 0.7. 2017-இல் அபோட் நிறுவனம் அந்த அப்சார்ப் சாரத்தின் விற்பனையை நிறுத்தியது.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது அதிகம் இடறும் சொல் நான்-இன்ஃபீரியாரிட்டி. தாழ்வின்மை என்று எழுதினால் ஏதோ மனநலப் பிரச்சினை போல இருக்கிறது. இவன் அவனுக்குச் சளைத்தவன் இல்லை என்கிறோமே, அதையே எடுத்து சளைக்காமை ஆய்வு என்று வைத்துக்கொள்ளலாம். புதுக் கருவி பழையதைவிட எவ்வளவு பின்தங்கினால் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஆய்வைத் தொடங்கும் முன்பே எல்லை போட்டுவிடுவார்கள், அதைத் தாண்டிப் பின்தங்கவில்லை என்று காட்ட வேண்டும். சூரத்தில் தயாராகும் சுப்ராஃபிளெக்ஸ் என்ற தாங்குவலையை ஐரோப்பாவில் 1,435 பேரிடம், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சையன்ஸ் என்ற தாங்குவலையோடு ஒப்பிட்டது டேலண்ட் ஆய்வு (2019). ஓராண்டில் கருவி சார்ந்த பாதிப்பு 4.9 சதவீதம், சையன்ஸில் 5.3. சளைக்கவில்லை. ஆனால் அதைவிடச் சிறந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, செய்தியாக வரும்போது அந்த வேறுபாடுதான் முதலில் காணாமல் போகிறது. எல்லாக் கருவியும் இந்தத் தேர்வில் தேறிவிடுவதும் இல்லை. இந்தியாவில் 1,830 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த டக்ஸீடோ ஆய்வில் (2015) ஓராண்டில் பாதிப்பு பாக்லிடாக்செல் மருந்து கசியும் வலையில் 5.6 சதவீதம், எவரோலிமஸ் மருந்து கசியும் வலையில் 2.9 சதவீதம். முந்தையது சளைக்கவில்லை என்று காட்டத்தான் கிளம்பினார்கள், சளைத்தது.